நெலமங்களாவில் நின்ற வீடு

2025 மே 27, செவ்வாய்க்கிழமை மதியம். சூரத்திலிருந்து வந்த சேலைப் பண்டல்களை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தேன். தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, சாமான் வண்டி பெங்களூர்கிட்ட நிக்குதாம். இன்னும் முப்பத்தோராயிரம் போட்டாத்தான் மதுரைக்குக் கெளம்புமாம். அவுக கத்திக்கிட்டிருக்காக, அந்தாளு போனைக் கட் பண்ணிட்டான்."

"எல்.ஆர். நம்பரைச் சொல்லு."

"எல்.ஆர்.னா என்னண்ணே?"

பாதிக் கதை அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுவதும் சரக்கு அனுப்புவதும் என் வேலை. எல்.ஆர். என்பது லாரி ஆபீஸ் போட்டுத் தரும் சரக்கு ரசீது. வடக்கே பில்டி என்பார்கள். அது கைக்கு வராமல் எங்கள் கடையிலிருந்து ஒரு பண்டல் நகராது. முந்நூறு ரூபாய் பார்சலுக்கு அந்தக் காகிதத்தை நின்று கேட்டு வாங்குகிறவன் நான். என் கூடப்பிறந்தவளின் மொத்தக் குடித்தனமும் அது இல்லாமல் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கிளம்பியிருக்கிறது. அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

எங்கே பிசகியது என்று பிறகு ஒவ்வொரு காகிதமாக, ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்தியாக எடுத்து வைத்துப் பார்த்தேன். வண்டி நின்ற நெலமங்களாவில் பிசகவில்லை. வண்டி புனேயை விட்டுக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது.

புனே வாக்கட் பகுதியில் நாலாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. மாப்பிள்ளைக்கு மதுரையில் வேலை கிடைத்தது. ஜூன் 2 பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்குள் குடிவந்துவிட வேண்டும். மே முதல் வாரத்தில் மாப்பிள்ளை ஒரு இணையதளத்தில் ஊர், தேதி, போன் நம்பர் மூன்றையும் போட்டிருக்கிறார். பத்து நிமிஷத்துக்குள் பதினோரு அழைப்புகள். இந்தத் தளங்கள் லாரி வைத்திருப்பவை அல்ல. நம் நம்பரைப் பல பேருக்கு விற்பதுதான் அவற்றின் பிழைப்பு. அழைத்தவர்களில் இரண்டு பேர் பெரிய கம்பெனி ஒன்றின் பெயரை முன்னும் பின்னும் ஒரு எழுத்து மாற்றி வைத்துக்கொண்டவர்கள்.

கடைசியில் மூன்று விலைகள் நின்றன. 74,000, 68,000, 42,000.

68,000 சொன்னவர் வீடியோ காலில் வரச் சொல்லி முக்கால் மணி நேரம் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னாராம். பரண், கட்டிலுக்கு அடியில், பால்கனி மூலை, வாஷிங் மெஷினுக்குப் பின்புறம். 36 பெட்டி வரும், 14 அடி வண்டி தனியாக வேண்டும், ஜி.எஸ்.டி. உட்பட இவ்வளவு என்று பட்டியலை அனுப்பியிருக்கிறார். "தொல்லை பிடிச்ச ஆளு" என்று மாப்பிள்ளை அவரை விட்டுவிட்டார். 42,000 சொன்னவன் எதையும் பார்க்கவில்லை. இரண்டு படுக்கையறைதானே என்று போனிலேயே பட்டியல் போட்டுவிட்டான்: கட்டில் 2, பிரிட்ஜ் 1, வாஷிங் மெஷின் 1, சோபா 1, டிவி 1, பீரோ 1, ஸ்கூட்டர் 1, பெட்டி 20–25. அந்த வாட்ஸ்அப் செய்திதான் பின்னால் வந்த அத்தனை சண்டைக்கும் அடி. பெட்டி கடைசியில் 38 ஆனது. ஷூ ரேக், செடித் தொட்டிகள், பாத்திர மூட்டை எதுவும் பட்டியலில் கிடையாது. அவன் பின்னால் கூடுதல் கேட்டதில் ஒரு துளி நியாயமும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஐந்தாயிரம், ஆறாயிரம் கேட்டிருந்தால் நானே கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

பணம் போன விதம் இது. 42,000-க்கு மேல், சாமானின் மதிப்பு மூன்று லட்சம் என்று போட்டு அதில் 3 சதவீதம், 9,000 ரூபாய், 'டிரான்சிட் இன்சூரன்ஸ்'. மொத்தம் 51,000. ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் தனி என்றான். வேண்டாம் என்றார் மாப்பிள்ளை. ஒன்பதாயிரம் மிச்சம் என்று சந்தோஷம். முன்பணம் 5,000, ஏற்றுகிற அன்று 36,000, மதுரையில் இறக்கியதும் 10,000. மூன்றும் யு.பி.ஐ.யில், கம்பெனி பெயருக்கு அல்ல, ஒரு தனி ஆள் பெயருக்கு.

அந்த 9,000-ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைக் கட்டிவிட்டோம் என்ற தைரியத்தில்தான் எல்லோரும் தூங்குகிறார்கள். இன்சூரன்ஸ் என்றால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி தன் பெயரில், பாலிசி நம்பர் போட்டு, நம் பெயரை எழுதி ஒரு சான்றிதழ் தர வேண்டும். தங்கைக்கு வந்தது கோட்டேஷனில் ஒரு வரி மட்டும். லாரி ஆபீஸ்களில் மதிப்புக்கு ஏற்ப ரிஸ்க் சார்ஜ் என்று ஒன்று வாங்குவது உண்டு. அது, சேதமானால் லாரிக்காரரே பொறுப்பு என்பதற்கான கூலி. அதுவும் எல்.ஆரில் எழுதியிருந்தால்தான். இங்கே இரண்டும் இல்லை. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு வார்த்தையை வாங்கியிருக்கிறார்கள்.

மே 22 வியாழக்கிழமை நாலு பேர் வந்து ஏற்றினார்கள். பபுள் ராப் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது. மெத்தைக்கும் சோபாவுக்கும் தங்கையின் பழைய போர்வைகளைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். தங்கை கெட்டிக்காரி, ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் தடித்த மார்க்கரில் நம்பரும் உள்ளே இருப்பதும் தமிழில் எழுதியிருந்தாள்: '4 – மசாலா டப்பா', '27 – கிரைண்டர் கல்', '31 – போர்வை, பாட்டி அண்டா'. நோட்டில் அதே வரிசை. பெரியவள், எட்டாம் வகுப்பு, பொழுது போகாமல் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருக்கிறாள். வண்டியின் நம்பர் பிளேட், பீரோவின் கதவு, ஸ்கூட்டரின் மீட்டர்கூட. அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, வக்கீல் வேலை பார்த்திருக்கிறாள் என்று.

ஏற்றி முடித்ததும் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறான். பொருள்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நேரே 'ஓல்டு, யூஸ்டு' என்று எழுதியிருந்தது, ஆறு மாதம் முன்பு வாங்கிய டிவிக்கும் சேர்த்து. அடியில் பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது சேதமானால் சாமான்காரர் பாடு. கன்சைன்மென்ட் நோட் நம்பர், அதாவது எல்.ஆர். நம்பர், என்று அச்சடித்த இடம் காலி. அந்தத் தாளும் ஒரு பண ரசீதும்தான் அவர்கள் கையில் இருந்த ஆதாரம்.

மே 26 வந்துவிடும் என்றான். மே 27 அந்த போன் வந்தது.

நெலமங்களா பெங்களூருக்கு வெளியே, புனேயிலிருந்து வரும் நெடுஞ்சாலை மேலேயே இருக்கும் குடோன் ஊர். அங்கே சாமானை இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவது தொழிலில் சாதாரணம். பல பேர் சாமானைச் சேர்த்து ஏற்றும் பார்ட் லோடு என்றால் அப்படித்தான் வரும். ஆனால் தங்கையிடம் 'ஒரே வண்டி, கதவைச் சீல் வைத்து அனுப்புகிறோம்' என்று சொல்லியிருந்தான்.

31,000-க்கு அவன் சொன்ன கணக்கு: கூடுதல் பெட்டிகளுக்கு 17,000, குடோன் ஆள் கூலி 5,000, கர்நாடகா, தமிழ்நாடு எல்லை வரி 9,000. மாலையில் நானே போட்டேன். இந்தியில்தான் பேசினான். என் இந்தி சூரத் பார்ட்டிகளோடு சண்டை போட்டுப் பழகியது, அது போதும்.

எல்லை வரியை முதலில் பிடித்தேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு மாநில நுழைவு வரியும் போயிற்று, வணிக வரிச் சோதனைச் சாவடிகளையும் எடுத்துவிட்டார்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு, சரக்கு கொண்டுபோக எடுக்கும் இ-வே பில்கூடத் தேவையில்லை, விதியில் பெயர் சொல்லியே விலக்கு இருக்கிறது. எந்தச் சாவடியில், யாருக்கு, எந்த ரசீதுக்குக் கட்டினாய் என்றேன். "சார்ஜி, அது டிரைவர் சொன்னது" என்றான். ஒன்பதாயிரம் அங்கேயே விழுந்தது. அடுத்து, ஒப்படைத்த சரக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பது வெறும் பில் தகராறு அல்ல என்றேன். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு: சரக்கை நம்பி வாங்கிய போக்குவரத்துக்காரர் மோசம் செய்தால் ஏழு வருஷம் வரை சிறை. சம்பவம் வேறு மாநிலத்தில் நடந்தாலும் மதுரை ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட முடியும். இதைக் கேட்டுக் கொஞ்சம் அடங்கினான். மறுநாள் 16,000-க்கு வந்து நின்றான். அதற்குக் கீழே இறங்கவில்லை.

இந்த இடத்தில் மாப்பிள்ளைக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. ஸ்டேஷனுக்குப் போவோம், ஒரு பைசா கொடுக்காதீர்கள் என்றேன்.

"மச்சான், நீங்க சொல்றது சட்டம். நாங்க நாலு பேரும் வெறுந்தரையில படுத்துக் கெடக்கோம். திங்கக்கெழமை பள்ளிக்கூடம். கேஸுன்னு போனா சாமான் எப்ப வரும்னு சொல்லுங்க பார்ப்போம்."

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான். இப்போது யோசித்தால் அவர் கணக்கில் பிழை இல்லை. கையில் மிச்சம் இருந்தது 10,000 ரூபாய் பாக்கி மட்டும். மூன்று லட்சம் மதிப்புள்ள சாமான் அவன் கையில். அந்தப் பத்தாயிரம் வராமல் போனாலும் அவனுக்கு வலிக்காது. பாதிப் பணமாவது நம்மிடம் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி நடந்திருக்கும்.

நான் சொல்லிச் செய்யவைத்தது ஒன்றுதான். பணம் அனுப்பும் முன் அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதச் சொன்னேன்: ஒப்புக்கொண்ட கட்டணம் 51,000, அதில் பாக்கி 10,000, கூடுதல் 16,000 நாங்கள் ஒப்புக்கொண்டதல்ல, சாமானை விடுவிக்க வேறு வழியில்லாமல் ஆட்சேபத்தோடு கட்டுகிறோம், திரும்பப் பெற உரிமை உண்டு. இரண்டு நீல டிக் விழுந்த பிறகு மே 29 அன்று 26,000 போனது. ஆக மொத்தம் 67,000. அந்தத் தொல்லை பிடித்த ஆள் சொன்னது 68,000.

மே 31 ராத்திரி வண்டி வந்தது. ஏற்றியது எம்.எச். என்ற மகாராஷ்டிரா நம்பர் வண்டி, வந்தது கே.ஏ. என்ற கர்நாடகா நம்பர் வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலை கடையிலிருந்து இரண்டு லோடுமேன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். டிரைவர் சங்ககிரிக்காரர், நல்ல மனுஷன். புனே ஆளை அவர் பார்த்ததே இல்லை. "எங்க ஆபீஸ் நெலமங்களாண்ணே. எனக்கு எல்.ஆர். குடுத்தாங்க, எடுத்துட்டு வந்தேன்" என்று டேஷ்போர்டிலிருந்து மஞ்சள் தாளை உருவினார்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அனுப்புநர் இடத்தில் புனேக்காரன் பெயர். பெறுநர் மாப்பிள்ளை. நெலமங்களா – மதுரை, கூலி 14,500. மதிப்பு என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. மூலையில் 'பெய்டு' என்று சீல், தேதி மே 29. நாங்கள் பணம் போட்ட அதே நாள்.

அதாவது, புனேக்காரனிடம் லாரியே கிடையாது. அவன் புரோக்கர். முதலில் வாங்கிய 41,000-ல் பேக்கிங் ஆட்களுக்கும் பெங்களூர் வரை வண்டிக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டான். பெங்களூரிலிருந்து மதுரைக்கான கூலியை அவன் கொடுக்கவே இல்லை. நெலமங்களா டிரான்ஸ்போர்ட்டுக்குக் கூலி வரவில்லை, சாமான் குடோனில் கிடந்தது. அந்தக் கூலியை எங்கள் தலையில் கட்டுவதற்குத்தான் கூடுதல் பெட்டியும் எல்லை வரியும். எங்கள் 26,000-ல் 14,500 அங்கே போனது, 11,500 அவனுக்கு. 42,000 என்று அவனால் எப்படிச் சொல்ல முடிந்தது என்பதற்கும் இதுதான் விடை. புனே – மதுரை முழுத் தூரத்துக்கு அவன் விலை சொல்லவே இல்லை. பாதி வழிக்குச் சொன்னான்.

தாளை உடனே படம் எடுத்துக்கொண்டேன். பிறகு இறக்கினோம். லோடுமேன் நம்பரைக் கூப்பிட, தங்கை நோட்டில் டிக் அடித்தாள். இருபத்தாறு வந்தது, இருபத்தெட்டு வந்தது. இருபத்தேழு இல்லை. முப்பத்தொன்றும் இல்லை. பீரோ கதவு உள்வாங்கிப் பூட்டு விழ மறுத்தது. ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடி உடைந்திருந்தது, மீட்டரில் 47 கிலோமீட்டர் ஏறியிருந்தது. நெலமங்களாவில் யாரோ டீ குடிக்கப் போய்வந்திருக்கிறார்கள். பெரிய அடி வாஷிங் மெஷினுக்கு. அது முன்பக்கம் கதவுள்ள மெஷின். அந்த வகையைத் தூக்கும்போது பின்னால் நாலு டிரான்சிட் போல்ட் போட்டு உள் டிரம்மை ஆடாமல் பிடிக்க வேண்டும், வாங்கும்போது கம்பெனியே அப்படித்தான் அனுப்பும். அந்த போல்ட்டுகள் தங்கையின் டூல் பாக்ஸில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தன. ஏற்றியவர்கள் கேட்கவில்லை, இவர்களுக்கும் தெரியாது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் டிரம் உள்ளே ஊஞ்சலாடியிருக்கிறது. மெக்கானிக் 9,800 கேட்டார்.

டிரைவர் கையெழுத்துக்கு அவசரப்படுத்தினார். அவர் தாளிலேயே எழுதினேன்: 38-இல் 36 பெட்டி மட்டும் வந்தது, 27, 31 இல்லை, பீரோ, மெஷின், ஸ்கூட்டர் சேதம். அவரும் அடியில் கையெழுத்துப் போட்டார். வெறும் 'பெற்றுக்கொண்டேன்' என்று போட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம். மறுநாள் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்துவார்கள்.

அடுத்தது காகித வேலை. லாரிச் சரக்குக்கு 1865-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு 2007-இல் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் போட்டார்கள், 2011 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதில் இரண்டு பிரிவும், பழைய சட்டக் காலத்துத் தீர்ப்பு ஒன்றும் எங்களுக்கு வேண்டியவை. சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ லாரிக்காரரின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை என்கிறது 12-ஆம் பிரிவு. 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று எழுதிக்கொண்டாலும் கவனக்குறைவுக்கான பொறுப்பு போகாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது, அது 16-ஆம் பிரிவு. இறக்கிய நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து. எங்களுக்கு நவம்பர் 18 வரை நேரம் இருந்தது. ஜூன் 16-இல் பதிவுத் தபாலில் இரண்டு நோட்டீஸ் அனுப்பினோம், புனேக்கு ஒன்று, நெலமங்களாவுக்கு ஒன்று.

நஷ்டஈட்டுக்கு ஒரு வரம்பும் உண்டு. நாம் மதிப்பை எழுதி அதிக ரிஸ்க் கூலி கட்டாவிட்டால், கொடுத்த கூலியைப் போல் பத்து மடங்குக்கு மேல் கிடைக்காது. 14,500 கூலிக்கு 1,45,000. எங்கள் கணக்கு 34,000-தான் என்பதால் அது இடிக்கவில்லை. மெஷின் 9,800, பீரோ 4,500, ஸ்கூட்டர் 3,200, காணாத இரண்டு பெட்டி 16,500. மொத்தச் சாமானும் எரிந்திருந்தால் அந்த வெறுமையான மதிப்புக் கட்டம் எங்களைக் கொன்றிருக்கும்.

புனே நோட்டீஸ் திரும்பி வந்தது. அந்த முகவரியில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறதாம். நெலமங்களாவிலிருந்து பதில் வந்தது: உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை, புரோக்கரைக் கேளுங்கள். உங்கள் எல்.ஆரில் பெறுநர் யார், சேதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டது யாருடைய டிரைவர் என்று கேட்டு, படத்தையும் வைத்துத் திருப்பி எழுதினோம். ஸ்கூட்டரின் இரண்டு மீட்டர் படங்களையும் சேர்த்தோம். அதற்குப் பிறகு மேனேஜர் போனில் மரியாதையாகப் பேசினார். ஆகஸ்டில் 22,000 கொடுத்து முடித்துக்கொண்டார். முழுசும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும், ஏற்றுக்கொள்ளச் சொன்னேன்.

புரோக்கர் மேல் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியே புகார் போட்டிருக்கிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், புனேக்கு அலைய வேண்டாம். லாரிக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அடித்தோம், பதிவு எண் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. அவன் கைக்குச் சம்மன் போய்ச் சேர்வதுதான் இப்போது பாடு. யு.பி.ஐ. பணம் போன கணக்கின் விவரத்தை வைத்து நகர்த்திக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வாய்தாவுக்கு வாய்தா லீவு போட அலுத்துக்கொள்கிறார். எம்.எச். நம்பர் ஸ்கூட்டருக்கு வேறு புனே ஆர்.டி.ஓ.விலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்ட முடியாது.

செப்டம்பர் கடைசி வாரம் நெலமங்களா மேனேஜரே கூப்பிட்டார். குடோனைக் காலி பண்ணும்போது ஒரு பெட்டி கிடைத்தது, மேலே தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது என்று படம் அனுப்பினார். தங்கையின் கையெழுத்து: '27 – கிரைண்டர் கல்'. நாலு மாதமாகக் கிரைண்டர் பாத்திரம் மட்டும் அடுக்களை மூலையில் கிடக்க, அவள் கடையில் மாவு வாங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் கடைக்கு வரும் பார்சல் வண்டியில் போடச் சொன்னேன். கல்லுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவா என்று கேட்டேன், "இருக்கட்டும் சார்" என்றார். டு-பே, அதாவது எடுக்கும்போது நான் கட்டும் கூலி, 380 ரூபாய். எல்.ஆர். நம்பர் அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மூன்றாம் நாள் லாரி ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். கல்லில் ஒரு கீறல் இல்லை. பாட்டியின் அண்டா இன்னும் வரவில்லை.